மாத்திரை, கவுன்சலிங், தெரபி: மச்சானுக்கு எது சரிப்பட்டது?

எங்கள் பக்கத்தில் மனசுக்கு வைத்தியம் என்றாலே முதலில் வாயில் வருவது ஊளம்பாறை. அது திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை. 1956 வரை குமரிப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததில் நமக்குக் கிடைத்த வசவுகளில் இதுவும் ஒன்று. அதனால் மச்சானை யாரிடமாவது காட்டலாம் என்றதும், "லே, நான் என்ன ஊளம்பாறை கேஸா?" என்றுதான் ஆரம்பித்தார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மச்சான் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருந்தார். அவர் திரும்பி வந்தார், கூடப் போன இரண்டு பேர் வரவில்லை. அதற்கப்புறம் ராத்திரி கூரை ஷீட் காற்றில் தடதடத்தால் எழுந்து வாசலில் போய் நிற்பார். கடலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். அவருக்காக நான் அலைந்து பார்த்ததை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதலாம். தூக்கமே இல்லை, சாக வேண்டும் என்று தோன்றுகிறது என்ற நிலையில் வேறு யோசனையே வேண்டாம், இங்கேதான் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுராத்திரி என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசில்லாத அழைப்பு, தமிழிலேயே பேசலாம். செர்ட்ராலின் மாதிரி மருந்துகள் இந்த வகைப் பாதிப்பில் பலருக்குக் கைகொடுக்கின்றன. மச்சானுக்கும் படபடப்பு குறைந்தது. ஆனால் வாசலில் போய் நிற்பது நிற்கவில்லை.

அடுத்தது கவுன்சலர். இந்த ஒரு சொல்லுக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்: சமூகப்பணி படித்தவர், சில மாதச் சான்றிதழ் வைத்திருப்பவர், தியானத்துக்குப் போன இடத்தில் அறிவுரை சொல்பவர். குடும்பச் சண்டைக்கும் பிள்ளைகளின் பரீட்சைப் பயத்துக்கும் நல்ல கவுன்சலர் போதும். நாங்கள் பார்த்தவர் முதல் நாளே, "கடல்ல நடந்தத ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். மச்சானும் சொன்னார். அப்புறம் மூன்று ராத்திரி வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. அவர் நல்ல மனுஷர்தான், முறைதான் தெரியவில்லை.

மூன்றாவது, இந்த மாதிரிக் காயங்களுக்கென்றே பயிற்சி எடுத்த மருத்துவ உளவியலாளர். மருந்து எழுத மாட்டார். உளவியலில் முதுகலை, அதற்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில்., அப்புறம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு என்பதுதான் பலரும் வந்த வழி. பதிவு எண் கேட்டால் கோபிக்கிறவரிடம் போகவே வேண்டாம். இதற்கென்று உள்ள முறைகளில் இரண்டை உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. ஒன்று, அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது அந்தச் சம்பவத்தைச் சுற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மெல்ல மாற்றுவது. இன்னொன்று இ.எம்.டி.ஆர். இதில் நினைவின் ஒரு துண்டை மனதில் வைத்துக்கொண்டே, இடமும் வலமும் அசையும் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும். கேட்டால் மந்திரவாதம் மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. கண் அசைவு எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஆனால் பலன் இருக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு.

கவுன்சலரிடம் பார்த்ததற்கு இது நேர் தலைகீழ். கதையைக் கேட்க அவசரமே இல்லை. முதல் சில வாரம் மூச்சை எப்படி இறக்குவது, பயம் வந்தால் காலைத் தரையில் எப்படி ஊன்றுவது, இவ்வளவுதான்.

படிப்பு மட்டும் போதுமா என்றால், போதாது. தெரிந்த பையன் ஒருவன், ஆண்களைத்தான் பிடிக்கும் என்று ஓரிடத்தில் சொல்லப்போய், "ஒரு கல்யாணம் பண்ணு, சரியாயிரும்" என்ற பதிலோடு திரும்பினான். அவன் போனது சிறுவயதில் நடந்த வேறொரு கொடுமையைப் பேச. அதைக் கடைசிவரை பேசவே இல்லை. பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை போட்டார். அந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினார், அதைத் தீர்ப்பாணையில் எழுதவும் செய்தார். நீதிபதிக்கே கூச்சமில்லை. நாமும் போனிலேயே கேட்டுவிடலாம்: "திருநங்கைகள், தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் உங்களிடம் வருகிறார்களா?" பதில் எவ்வளவு இழுக்கிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சாதி, மதம் பற்றிய முதல் கேள்வி எதற்காக வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

தமிழ் பேசுகிறவராக இருந்தால் போதும் என்று மொழி விஷயத்தில் நான் நினைத்ததே தப்பு. சென்னையிலிருந்து வீடியோவில் பேசியவர் தமிழர்தான், ஆனால் மச்சான் சொன்னதில் பாதி அவருக்குப் பிடிபடவில்லை. புரியாததைக் கேட்கவும் இல்லை, தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சரிப்பட்டவர் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு மலையாளப் பெண்மணி. கட்டணம் கடிக்கத்தான் செய்கிறது. மாதம் இரண்டு தடவைக்கு மேல் கட்டுப்படியாகாது. மாத்திரையையும் டாக்டர் சொன்ன அளவில் தொடர்கிறோம்.

ஐந்தாவது தடவை போனபோது என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். பேச்சுக்கிடையே மச்சான் "கொண்டல் திரும்பிச்சு" என்றார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கொண்டல்னா எந்தக் காத்து? எனக்குத் தெரியாது, சொல்லித் தாங்க." மச்சான் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்து இதுதான் போட் என்றார். மேஜையில் சிந்தியிருந்த ஈரத்தில் விரலால் கரையை வரைந்தார், கிழக்கே ஒரு கோடு இழுத்தார். அப்புறம் அந்த இரண்டு பேரும் போட்டில் எந்த இடத்தில் நின்றார்கள் என்று, யாரும் கேட்காமலே, தொட்டுக் காட்டினார்.