ஹட்டனில் தொலைக்காட்சி பொருத்தும் சேவை: துளை சரி, உயரம்?

ஹட்டன் நகரில் நாங்கள் 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கிய கடையே அதைச் சுவரில் பொருத்தியும் தருகிறது; பிராக்கெட்டுக்கும் கூலிக்கும் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் உயரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள் என்பேன்.

பொருத்த வந்த பாஸ் (வேலைக்காரரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 5 அடியில் வரும்படி பென்சிலால் கோடு போட்டார். "எல்லா வீட்டிலயும் இப்படித்தான் அண்ணே அடிக்கிறது, பிள்ளைகளுக்கு எட்டாது" என்றார். பிள்ளைகளின் கைக்கு எட்டாதுதான். பெரியவர்களின் கழுத்துக்கும் எட்டாது. இந்த அளவுத் திரையின் உயரம் ஏறத்தாழ 21 அங்குலம் என்பதால், அவர் சொன்னபடி மாட்டினால் அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 6 அடிக்குப் போய்விடும். செட்டியில் சாய்ந்திருப்பவரின் கண்ணோ தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில்தான் இருக்கும். எங்களுடையதைப் போன்ற சிறிய கூடத்தில், 6 அடி தள்ளி அமர்ந்து பார்ப்பவர் 20 பாகைக்கும் அதிகமாக அண்ணாந்தே இருக்க வேண்டும். பிராக்கெட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்தால், கீழிருந்து பார்க்கையில் நிறம் மங்குவது குறையுமே தவிர, கழுத்து நிமிர்ந்தேதான் இருக்கும்.

ஆகவே திரையின் நடுவை மூன்றரை அடியில் வைக்கச் சொன்னோம். பாயில் உட்காரும் பிள்ளைகள் சற்றே நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அது பொறுக்கக்கூடியதே. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தொலைக்காட்சியின் முதுகிலுள்ள நான்கு துளைகள் பல மாதிரிகளில் சரி நடுவில் இருப்பதில்லை. பாஸ் பெட்டியைக் கம்பளியில் குப்புறப் படுக்கவைத்து, கீழ் விளிம்பிலிருந்து துளைவரை அளந்த பிறகே சுவரில் புள்ளி வைத்தார்; அவருடைய அனுபவம் தெரிந்த இடம் அதுதான்.

எங்களுடையது புளொக் கல் சுவர் என்பதால் ரோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. பழைய லயன்களின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கருங்கல் சுவரில் டிரில் கல்லில் வழுக்கும், இடையிலுள்ள சாந்தில் பட்டாலோ பொலபொலவென்று உதிரும். அங்கே துளையின் இடத்தைக் கல் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மண்மேட்டை ஒட்டிய சுவர் மழைக்காலத்தில் கசியும், அதைத் தவிர்த்து உட்சுவரையே தேர்ந்தெடுங்கள்.

தாழ்வாக மாட்டுவதில் ஒரேயொரு சிக்கல், பிளக் பொயின்ட் திரைக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடும். ஏப்ரலிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கத் தொடங்கும்போது வயரைக் கழற்ற முடியாத தொலைக்காட்சியை மலையகத்தில் வைத்திருப்பது ஆபத்து. நாங்கள் கேட்டதும் பாஸ் பிராக்கெட்டை ஒரு சாண் இடப்புறம் நகர்த்தித் தந்தார். வயரைச் சுவருக்குள் பதித்துத் தருவதில்லை; அதற்கு வேறு ஆளைத்தான் பிடிக்க வேண்டும்.