வரைபடத்தோடு ஸ்பானிஷ்: 'வோஸ்' மட்டும் எங்கே போயிற்று?

இலக்கணத்தையும் நாடுகளையும் சேர்த்துச் சொல்லித்தரும் அந்த ஸ்பானிஷ் புத்தகம் பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாகப் புழங்கி, முதுகு பிரிந்து, பைண்டிங் போட்டு வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நல்லது. 'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவதே இங்கேதான். இந்தப் புத்தகம் விதியை ஒப்பிக்காமல் பொலிவியா வரைபடத்தை விரித்து வைக்கிறது. அரசியல் சாசனப்படி தலைநகர் சுக்ரே. எது தலைநகர் என்று சொல்ல 'எஸ்', அதாவது செர். அரசாங்கம் நடப்பது லா பாஸில். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல 'எஸ்தா', அதாவது எஸ்தார். ஒரே நாட்டை வைத்து இரண்டும் புரிந்துவிடுகிறது. ஒப்பீட்டுக்கு மலைகள்: அகோன்காகுவா 6,961 மீட்டர், சிம்போராசோ 6,263 மீட்டர், எது 'மாஸ் ஆல்தோ', அதாவது அதிக உயரம்? 1968 வரை ஸ்பெயினின் கீழ் இருந்த எக்குவடோரியல் கினியையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். பல புத்தகங்கள் ஆப்பிரிக்கா பக்கமே போவதில்லை.

ஆனால் 'நீ' என்பதற்கு அர்ஜென்டினா போன்ற நாடுகளில் சொல்லும் 'வோஸ்' இல்லை. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அர்ஜென்டினாவுக்கு வண்ணப்படங்களோடு தனி அத்தியாயம்; படகோனியா, பரானா ஆறு எல்லாம் உண்டு. அடுத்த பக்கத்து வினை அட்டவணையில் தூ (நீ), உஸ்தேத் (மரியாதையாக நீங்கள்), வோசோத்ரோஸ் (ஸ்பெயினில் பலரைப் பார்த்துச் சொல்லும் நீங்கள்) மட்டும். புவெனஸ் அயர்ஸில் நண்பனை 'தூ' என்றா கூப்பிடுகிறார்கள்? 'வோஸ்' என்கிறார்கள். 'நீ இருக்கிறாய்' என்ற பொருளில் வரும் 'தூ ஏரெஸ்' அங்கே 'வோஸ் சோஸ்'. 'உன்னிடம் இருக்கிறது' என்ற 'தியேனெஸ்' அங்கே 'தெனேஸ்', அழுத்தம் கடைசி அசையில். உருகுவே, பராகுவே, நிகராகுவா, கோஸ்டா ரிகா என்று எத்தனை நாடுகளில் இதுதான் வீட்டுப் பேச்சு! லத்தீன் அமெரிக்காவில் அன்றாடம் யாரும் பேசாத வோசோத்ரோஸுக்கு மட்டும் பயிற்சிக்குப் பயிற்சி இடம் இருக்கிறது. வெறும் இலக்கணப் புத்தகமாக இருந்தால் விட்டுவிடலாம். நாடுகளைச் சொல்லித்தருகிறேன் என்று அட்டையிலேயே போட்டுவிட்டு, அந்த நாட்டுக்காரர் பேசுவதை விட்டால் எப்படி? பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். ஆரம்ப நிலைக்கு அது தேவையில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் கோபத்தை இன்னும் கிளப்பியது.

செர், எஸ்தாருக்கு இதைவிடத் தெளிவான பாடம் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் பாதி விலைக்குக்கூட வாங்க வேண்டாம். அந்த அத்தியாயத்துக்கு என் பிரதியை வாங்கிக்கொண்டு போங்கள். அடுத்த பதிப்பில் அட்டவணையில் ஒரு வரி 'வோஸ்' சேர்த்தார்கள் என்றால் முழு விலை கொடுத்தே வாங்கலாம்.