பழைய சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆக: டாஸ்க் ஷெட்யூலரா, விண்டோஸ் அப்டேட்டா, மின்தடையா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஈரோட்டு ஜவுளிக் கடைகளிலும் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, 2012 ஆர்2 பெட்டிகள் இன்னும் டேலி என்ற கணக்குப் புரோகிராமைத் தாங்கி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்னதற்கு 2020 ஜனவரியிலும் பின்னதற்கு 2023 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. அதனாலேயே, வாராந்திர ரீஸ்டார்ட்டை விண்டோஸ் அப்டேட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது சரிவராது. அப்டேட் வந்தால்தானே அது ரீஸ்டார்ட் செய்யும்?

இன்னும் சிலர் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையே போதும் என்கிறார்கள். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து பொத்தென்று அணைவதை ரீஸ்டார்ட் என்று சொல்லவே கூடாது, அந்த நேரம் டேலி திறந்திருந்தால் கணக்கே கெட்டுப்போகலாம். மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையில்) ஒரு அமைப்பு உண்டு, அதை மட்டும் போட்டு வையுங்கள்.

என் ஓட்டு, குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானே ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலருக்கே. ஆனால் அதிலும் சிக்கல் வரும். பெரும்பாலும் காரணம் அக்கவுண்ட்தான்: யாரோ ஒருவருடைய பெயரில் டாஸ்க்கைப் போட்டிருப்பார்கள், அவர் பாஸ்வேர்டை மாற்றியதும் அது ஓடாமல் நின்றுவிடும், பல வாரம் யாருக்கும் தெரியாது. விண்டோஸுக்கே உரிய சிஸ்டம் அக்கவுண்டில் போட்டால் பாஸ்வேர்டும் வேண்டாம், யாரும் லாகின் செய்திருக்கவும் வேண்டாம். அடுத்தது, தவறிய டாஸ்க்கை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்ற டிக். டாஸ்க் ஓட வேண்டிய ஞாயிறு இரவு பெட்டி அணைந்திருந்தால், திங்கள் காலை எல்லோரும் பில் போடும்போது அது ரீஸ்டார்ட் ஆகும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். டாஸ்க் ஓட்டும் ஷட்டவுன் கட்டளையில் காத்திருப்பு நேரம் கொடுத்தால், அது முடிந்ததும் திறந்திருக்கும் புரோகிராம்களை வலுக்கட்டாயமாக மூடிவிடும், ஆகவே பேக்கப் முடிந்து, டேலியை எல்லோரும் மூடிய பிறகான நேரமாக வையுங்கள்.

சரி, நேற்றிரவு ரீஸ்டார்ட் செய்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் நடப்பதையெல்லாம் எண்ணிட்டுக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 1074 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்தப் புரோகிராம், எந்த அக்கவுண்ட் என்று அதிலேயே இருக்கும். ஷட்டவுன் புரோகிராமும் சிஸ்டம் அக்கவுண்டும் இருந்தால் அது பெரும்பாலும் நம் டாஸ்க்தான். 1074 இல்லாமல், முறையாக அணையவில்லை என்று சொல்லும் 6008-ம் 41-ம் மட்டும் இருந்தால் மின்சாரம் போயிருக்கலாம், அல்லது பெட்டி உறைந்தோ கிராஷ் ஆகியோ இருக்கலாம், அப்போது டாஸ்க்கை நோண்டாமல் முதலில் யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள்.

அப்புறம், ஷிப்மென்ட் நெருக்கடியில் ஞாயிறு இரவும் வேலை நடக்கும். அந்த வாரம் மட்டும் டாஸ்க்கை டிசேபிள் செய்துவிட்டு, மறுபடி எனேபிள் செய்யும் பொறுப்பைக் கணக்குப் பார்ப்பவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.