ஏழு கிலோவோடு ஊருக்குப் போனேன்

"பெட்டி எங்கட்டி? பஸ்லயே விட்டுட்டு எறங்கிட்டியா?"

ஊரில் கால் வைத்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி இது. திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதுப் பேருந்து நிலையம், காலை ஆறரை மணி. என் முதுகில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான் சித்தி என்றேன். அவள் நம்பவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் போய், டிக்கியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த மூட்டைகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகு மெதுவாக, "அங்க வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லல்லா?" என்று கேட்டாள்.

பதினெட்டு வருஷமாக டொரன்டோவிலிருந்து ஊருக்கு வந்து போகிறேன். எப்போதும் 23 கிலோ பெட்டி இரண்டு. அனுமதித்த எடையில் அரைக் கிலோகூட மிச்சம் வைத்ததில்லை. சாக்லேட், பாதாம், வைட்டமின் மாத்திரை, யாரோ கேட்ட கைப்பை, யாருமே கேட்காத சென்ட். போன முறை அந்த இரண்டு பெட்டியும் வழியில் எங்கோ தங்கிவிட்டன. விமான நிறுவனம் நாலு நாள் கழித்துத்தான் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நாலு நாளும் ரத வீதியில் வாங்கிய இரண்டு நைட்டி, ஒரு சுடிதார், சித்தியின் சேலை என்று ஓடிவிட்டது. பெட்டிகள் வந்தபோது அவற்றைத் திறக்கவே சலிப்பாக இருந்தது. அதனால் 2025 ஆடியில், இருபத்திரண்டு நாள் பயணத்துக்கு, வேண்டுமென்றே கைப்பையாக ஏற்றக்கூடிய ஏழு கிலோவோடு கிளம்பினேன்.

பைக்குள் இருந்தவை: உடுத்தியது போக இரண்டு சுடிதார், ஒரு நூல் சேலை, அதற்கு ரவிக்கை, உள்ளாடைகள், ஒரு துண்டு, மாத்திரை டப்பா, சார்ஜர், காகிதங்கள். நகை இல்லை. சாக்லேட் இல்லை. (சாக்லேட் இல்லாததைத் தம்பி பையன் மன்னிக்கவே இல்லை. அதே சாக்லேட் பாளையங்கோட்டை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது என்று காட்டியும் பயனில்லை. விமானத்தில் வந்தால்தான் அது சாக்லேட்.)

சென்னையில் இறங்கியதும் லாபம் தெரிந்தது. பெட்டி வரும் பெல்ட் பக்கமே போகவில்லை. இரண்டு பெட்டியோடு வந்திருந்தால் டாக்ஸியைத் தவிர வழி கிடையாது. இப்போது ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் போய்த் திரிசூலம் ஸ்டேஷனில் 5 ரூபாய் டிக்கெட் எடுத்து, மின்சார ரயிலில் தாம்பரம் போய்ச் சேர்ந்தேன். பூக்கூடை வைத்திருந்த அம்மாவுக்கு என் பை இடைஞ்சலாக இல்லை. இத்தனை வருஷத்தில் நான் சென்னையில் யாருக்கும் இடைஞ்சலாக இல்லாமல் போனது அன்றுதான்.

அங்கிருந்து நெல்லை ரயிலில் போவதாகத்தான் எண்ணம். ஆனால் எனக்கு லீவு உறுதியானதே கடைசி வாரத்தில். 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிற வண்டியில் அப்போது என்ன இருக்கும்? சரி, தட்கல் பார்க்கலாம் என்றால், 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். நான் ஓ.சி.ஐ. அட்டைக்காரி, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளி. ஆதார் எடுக்க வேண்டுமானால் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். ஏஜென்ட் கும்பல் டிக்கெட்டை அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கத்தான் இந்த விதி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் பத்து மணிக்குப் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வயிறு எரிந்தது.

அப்புறம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த இந்தப் பேருந்து முனையத்தைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்லக் கேட்டிருக்கிறேன்: தூரம், நகரத்திலிருந்து போய்ச் சேருவதே தனிப் பயணம் என்று. மூட்டை முடிச்சோடு குடும்பமாக வருபவர்களுக்கு அது முழு உண்மை. எனக்குத் தாம்பரத்திலிருந்து மாநகரப் பேருந்தில் ஏறி இறங்கியதோடு முடிந்தது. கவுன்டரில் அரசு விரைவுப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. டிரைவர் நிதானமாக ஓட்டினார். நடுராத்திரியில் நிறுத்திய மோட்டலைப் பற்றி மட்டும் எழுதவே கை கூசுகிறது. கழிப்பறைக்குக் காசு வாங்கினார்கள், தண்ணீர் வரவில்லை.

ரயிலில் ஏ.சி. பெட்டி என்றால் விரிப்பு, தலையணை, கம்பளி எல்லாம் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் அது இல்லை. விழுப்புரம் தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. நூல் சேலையை எடுத்து நாலாக மடித்துப் போர்த்திக்கொண்டேன். பையில் இருந்த பொருள்களில் அதற்குத்தான் முதல் மதிப்பெண். பிறகு அதுவே மொட்டைமாடியில் விரிப்பானது, ஜன்னலுக்குத் திரையானது, ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொட்டிலும் ஆனது. சேலையாக நான் அதை உடுத்தியது இரண்டே நாள்.

ஊருக்குள் குறைந்த பொருளோடு இருப்பது கஷ்டமே இல்லை. தெருமுனையில் தேய்ப்பு வண்டி நிற்கிறது. சிரட்டைக் கரி போட்ட பெட்டி, ஒரு உருப்படிக்கு 10 ரூபாய். காலையில் துவைத்து மாடியில் போட்டால் ஆடிக்காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அடுத்த வீட்டு மாடிக்குப் பறக்காமல் இருந்தால். சாயங்காலம் வண்டிக்காரரிடம் கொடுத்தால் ராத்திரி சூடாகக் கையில் வரும். சுடிதாரின் பக்கத் தையல் பிரிந்தபோது டவுனில் கடை வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர், நான் எலுமிச்சை ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் அடித்துக் கொடுத்தார். இருபது ரூபாய். டொரன்டோவில் அந்தச் சுடிதாரைத் தூக்கிப் போட்டிருப்பேன். தைக்க ஆள் பக்கத்தில் இல்லாததால்தான் அங்கே என் அலமாரி பிதுங்குகிறதோ என்னவோ.

ஷாம்பு, எண்ணெய், காப்பித்தூள் எல்லாம் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகின்றன. கிழித்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கிற யோசனையில் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன் என்பார்கள். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கி அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு போனார். பை தூக்காமல் ஊர் சுற்றுகிறவர்களுக்கு அவர்கள் செய்த உபகாரம் பெரியது. ஆனால் மூன்றாவது வாரம் குளியலறை மாடத்தில் நான் சேர்த்து வைத்திருந்த காலி பாக்கெட்டுகளை எண்ணினேன். இருபத்தாறு. ஒரு சின்ன பாட்டில் சுமந்திருந்தால் இத்தனை குப்பை இல்லை. வீட்டுக் கொக்கியிலோ மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூல மஞ்சப்பைகள் பத்துப் பதினைந்து தொங்குகின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் பாக்கெட் வாங்கி வருகிறேன். இந்த லட்சணத்தில் எனக்கு எளிமைக்காரி என்று பெயர்.

தென்காசியில்தான் கணக்குத் தப்பியது. அத்தை வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தோம். திருநெல்வேலியில் காற்று மட்டும்தான், அங்கே சாரல். முதல் நாள் துவைத்த துணி இரண்டாம் நாளும் சொட்டிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் உடுத்தியிருந்ததும் நனைந்தது. மூன்று சுடிதாரும் ஈரம். தேய்ப்புக்காரர், "ஈரத்துல பெட்டி போட்டா வாடை அடிக்கும்க்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் அத்தையின் நைட்டியில் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தேன். நாலாவது உடுப்பு ஒன்று வேண்டும். சாரல் காலத்தில் கட்டாயம் வேண்டும்.

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் குளிக்கப் போனபோது பாஸ்போர்ட், பணம், போன் இருந்த சின்னப் பையை எங்கே வைப்பது என்று தவித்தேன். "என்கிட்ட குடுட்டி" என்று சித்தி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சாரலில் உட்கார்ந்திருந்தாள். அவள் குளிக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால் இருபத்திரண்டு நாளும் அப்படித்தான். என் பையில் இல்லாத சோப்புப் பெட்டி, குடை, போர்வை, சீப்பு, ஊசிநூல் எல்லாம் சித்தி வீட்டு அலமாரியில் இருந்தன. நான் சுமக்கவில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் சொல்வது காகிதக் கதை. சிம் வாங்கப் போனேன். கடைப் பையனின் செயலி ஆதார் விரல்ரேகை கேட்டது. வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு வேறு வழி இருக்கிறது, உள்ளூர் ஆள் ஒருவரின் எண் வேண்டும் என்று பெரிய கடைக்கு அனுப்பினான். அங்கே சர்வர் இல்லை, நாளைக்கு வாருங்கள். மறுநாள் படம் எடுத்தார்கள், ஏறவில்லை. மூன்றாம் நாள்தான் சிம் உயிர் பெற்றது.

வங்கி இன்னும் நீளம். என் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லை. அப்படியானால் கணக்கைச் செயலற்றதாக மாற்றிவிடுவது ரிசர்வ் வங்கி விதி. அது என் தப்பு. பான் அட்டை, பாஸ்போர்ட் நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று, இரண்டு போட்டோ என்று பட்டியல் கொடுத்தார்கள். முகவரிச் சான்றாக என் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால், அதில் பழைய வீட்டு முகவரி. ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ, வங்கி, மறுபடி ஜெராக்ஸ் கடை. கவுன்டரில் இருந்த பெண் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் சொல்லவும் இல்லை. கனடா உட்படப் பத்து நாட்டு எண்களில் யு.பி.ஐ. இணைக்க 2023-லேயே வழி செய்துவிட்டார்கள். என் வங்கியின் செயலிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலும்.

அந்த வாரம் முழுக்க ஐநூறு ரூபாய்த் தாளோடு திரிந்தேன். இளநீர் வண்டியில், "ஜிபே இல்லையாக்கா?" என்றார் அந்தத் தம்பி. இல்லை என்றதும், "சரி, நாளைக்கு இந்தப் பக்கம் வரும்போது குடுங்க" என்று வெட்டி நீட்டினார். முன்பின் தெரியாத ஆள். எந்த ஊர், என்ன எண் என்று எதுவும் கேட்கவில்லை.

டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் கட்டணம் கிடையாது. டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓசியில் போவது உறுத்தியது. பத்து ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் பார்த்தார். "யக்கா, இத நான் எந்தக் கணக்குல எழுத? உள்ள போங்க" என்று கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மா சிரித்தார். அவரிடமும் மாற்றுச் சேலை அதிகம் இருக்காது என்று தோன்றியது. அது என்னைப்போல் விளையாட்டுக்கு அல்ல என்பது தெரிந்ததால் நான் சிரிக்கவில்லை.

அடுத்த முறைக்கு என் பையில் சேரப்போகிறவை: பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு, முகவரிச் சான்று புதிதாக ஒன்று, நாலாவது சுடிதார், சின்ன ஷாம்பு பாட்டில். சேலை அப்படியே இருக்கும்.

கிளம்பும்போது இரண்டு சுடிதாரைச் சித்தி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். சிம்மும் அங்கேதான், அவளுடைய பழைய பட்டன் போனில். வங்கிக்கு அந்த எண்தான் கொடுத்திருக்கிறேன். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஊரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் டொரன்டோவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு முறையும் சித்தியைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். நேற்றும் கேட்டேன்.

"நாலு... ஏழு... இது ஆறா ஒம்பதாட்டி? இரு, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்."

கண்ணாடி கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.