கிளிமஞ்சாரோவில் ஒரு இரவைத் திருடுகிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

கிளிமஞ்சாரோ ஏறப் பணம் கட்டப்போகிறவர்களும் ஏற்கெனவே கட்டிவிட்டவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மலை ஏறும் பாதைகளில் ஒன்றான மச்சாமே பாதையில் 7 நாள் பயணம் என்று ஆறு பேரிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, 6 நாளில் ஏற்றி இறக்கி அனுப்பிவிட்டது ஒரு நிறுவனம். நாலாம் நாள் காலை பராங்கோ முகாமில் கைடு சொன்னது இது: "எல்லாரும் நல்லா நடக்கறீங்க. வானிலை வேற மாறப்போகுது. கரங்காவில தங்க வேண்டாம், நேரா பராஃபுவுக்கே போயிடலாம்."

கரங்கா இடையில் தங்கும் முகாம், பராஃபு உச்சிக்கு முந்தின கடைசி முகாம். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும், யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் அந்த முடிவு அன்று காலை எடுத்ததே இல்லை. பூங்காக் கட்டணத்தையும் கூடாரக் கட்டணத்தையும் நாள் கணக்குப் போட்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு நாளைக் குறைத்தால், வரியோடு சேர்த்து ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் மிச்சம். போர்ட்டர் (சுமை தூக்குகிறவர்) கூலியும் சாப்பாடும் தனி. இந்தக் குழுவின் பெர்மிட்டில் (பூங்கா அனுமதிச் சீட்டு) மச்சாமே நுழைவாசலிலேயே 6 நாள் என்றுதான் இருந்தது. யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

பணம் போனது கூடப் பரவாயில்லை. அந்த ஒரு இரவில்தான் உயிர்ப் பாதுகாப்பு இருக்கிறது. பராங்கோ 3,976 மீட்டர். கரங்கா ஏறக்குறைய 4,000. பராஃபு 4,673. உச்சியான உஹுரு 5,895. 7 நாள் திட்டத்தில் பராங்கோ சுவர் என்கிற செங்குத்துப் பாறைச் சரிவை ஏறி, நாலைந்து மணி நேரம் நடந்து கரங்காவில் படுக்கலாம். மறுநாள் மூன்று நாலு மணி நேரம் நடந்தால் மதியத்துக்குள் பராஃபு. சாப்பிட்டு, தூங்கி, நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப உடம்பில் தெம்பு இருக்கும். கரங்காவைத் தாண்டிப் போனால் இரண்டு நாள் நடையும் ஒரே நாளில். பராஃபு போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிடும், ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். அந்த அரைத் தூக்கத்தோடு 1,222 மீட்டர் ஏற வேண்டும். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான்.

3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. உள்ளதைச் சொன்னால், 7 நாள் திட்டமே இதை முழுசாகக் காப்பதில்லை. அதிலிருந்தும் ஒரு இரவைப் பிடுங்குவது பெரிய அநியாயம். உயரத்தில் உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும். சிறுநீரகம் அதைச் சரிசெய்ய நாள் கணக்கில் ஆகும். நடைவேகம், உடற்பயிற்சி, இளமை எதுவும் அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிடாது. மூன்றாம் நாள் லாவா டவர் என்கிற பாறை வரை ஏறி (ஏறக்குறைய 4,600 மீட்டர்) பராங்கோவுக்கு இறங்கிப் படுப்பதும் உடம்பை உயரத்துக்குப் பழக்கத்தான். அதைத் தவிர்த்துக் கீழ்ப்பாதையில் கூட்டிப்போகிறார்களா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். "அவசர ஆக்சிஜன் உண்டு" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உச்சி ஏறும் இரவில் ஒருவர் வாந்தியெடுத்துத் தடுமாறியபோது பையிலிருந்து வந்தது கையடக்க ஸ்ப்ரே டப்பா. அந்த மாதிரி டப்பாவில் 10 லிட்டர் வாயு இருந்தால் அதிகம். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் காலி. உண்மையான சிலிண்டர் 4 லிட்டர் கொள்ளளவும் 200 பார் அழுத்தமும் கொண்டதென்றால் 800 லிட்டர் கிடைக்கும். அதே வேகத்தில் ஆறரை மணி நேரத்துக்கு மேல் வரும், 4 லிட்டராகக் கூட்டினாலும் மூன்று மணி நேரம் தாங்கும். இறக்கிக் கொண்டுவர அது போதும். கிளம்பும் முன் ஹோட்டலிலேயே சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அளவுமானியின் முள் எங்கே நிற்கிறது, ரெகுலேட்டர் பொருந்துகிறதா, முகமூடி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முள் 50-ல் நின்றால் நாலில் ஒரு பங்குதான் மிச்சம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரின் எண்ணை மட்டும் காட்டி "நல்லா இருக்கீங்க" என்றால் நம்பிவிடாதீர்கள். விரல் குளிர்ந்திருந்தால் அது தப்பாகக் காட்டும். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: உடனே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கைடு நீட்டும் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறாதீர்கள். அது அறிகுறியை அமுக்கிவிடும், உடம்பை உயரத்துக்குப் பழக்காது. உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை வேறு விஷயம். அதை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். வழக்கமாக 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கைடு எண்ணிக்கையைத்தான் பலரும் கேட்பதேயில்லை. ஆறு பேருக்கு இரண்டு கைடு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளுக்கு முடியாமல் ஒரு கைடு கூட்டிக்கொண்டு இறங்கினால், மீதி ஐந்து பேருக்கு ஒரே ஒருவர். இரண்டாவது ஆளும் விழுந்தால்? இந்தக் குழுவில் அவரைப் பாறை மறைவில் உட்காரவைத்து, "வரும்போது கூட்டிப்போறோம்" என்றார்கள். உறைநிலைக்குக் கீழே, காற்றில், ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவரை இருட்டில் தனியாக விடுவது கொலைபாதகம். அப்படிச் சொன்னால் மொத்தக் குழுவும் இறங்கிவிடுங்கள். உச்சி இரவில் இரண்டு பேருக்கு ஒரு கைடு வேண்டும் என்று முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

போர்ட்டர் சுமை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது பூங்கா விதி. வாசலில் எடை போடும்போது நின்று பாருங்கள். அதில் ஏமாற்றுகிறவர் உங்களையும் ஏமாற்றுவார்.

பணம் கட்டும் முன் ஒவ்வொரு இரவும் எந்த முகாம் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். "7 நாள்" என்ற வார்த்தை மட்டும் போதாது, வந்திறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு. வாசலில் பெர்மிட்டை வாங்கி, நாள் எண்ணிக்கையைப் படித்து, போட்டோ எடுத்த பிறகே நடக்கத் தொடங்குங்கள். குறைந்திருந்தால் அங்கேயே நின்று ரேஞ்சரிடம் சொல்லுங்கள். திருத்தி வாங்க எளிதான இடம் அதுதான், மேலே போய்விட்டால் உங்கள் பேச்சு எடுபடாது. பயணக் காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை மலையேற்றம் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 4,000 மீட்டரோடு நிற்கும் பாலிசி பராஃபுவில் செல்லாது.