திரையைக் காதால் படிப்பவருக்கு: என்விடிஏ மென்பொருள், எட்டு ஆண்டுப் பழக்கத்திற்குப் பின்

பார்வையை இழந்த பிறகு நான் மீண்டும் கணினியின் முன் உட்கார்ந்தது, திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானின் துணையோடுதான். எட்டு ஆண்டுகளாகப் பாடக்குறிப்பு எழுதுவதும் மின்னஞ்சல் அனுப்புவதும் நாளிதழ் படிப்பதும் இதன் வழியாகவே நடப்பதால், இதன் நிறைகுறைகளைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் 2006-ஆம் ஆண்டு, தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் இதைத் தொடங்கினார். விண்டோஸ் கணினிகளில் இயங்கும் இதற்குக் கட்டணம் கிடையாது. மூலநிரலும் யாரும் பார்த்துத் திருத்தும்படி திறந்தே இருக்கிறது. பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்றால் பிறருடைய கணினியிலும் நிறுவாமலே இயக்கலாம் என்பது, சொந்தக் கணினி இல்லாத மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன்.

ஒழுங்காக அமைந்த இணையப் பக்கத்தில் இதன் வேகம் வியப்பளிக்கும். எச் விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்கும், கே விசையைத் தட்டினால் இணைப்பிலிருந்து இணைப்புக்கும் தாவிச் செல்லலாம். மதிப்பெண் பட்டியலில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளைச் சேர்த்துப் பிடித்து அம்புக்குறியால் நகர்ந்தால், பட்டியலைச் செய்தவர் தலைப்பு வரிசையை முறையாகக் குறித்திருக்கும் பட்சத்தில், மாணவரின் பெயர், பாடம், மதிப்பெண் மூன்றும் பொருந்திக் காதில் விழும். அவ்வாறு குறிக்காத பட்டியலில் வெறும் எண்கள்தான் கேட்கும்; எது யாருடையது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடன் வரும் ஈஸ்பீக் குரலின் தமிழ் வறண்டது, இயந்திரத்தனமானது. ஆயினும் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் எழுத்துகள் குழைவதில்லை. விண்டோஸ் 10 முதல் கிடைக்கும் ‘வள்ளுவர்’ என்ற குரல் காதுக்கு இதமானது, நீண்ட கட்டுரைகளுக்கு நான் அதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பாவம், ராகம், தாளம்’ என்று எழுதியிருந்தால், உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்கும் முதற்சொல்லை ஈஸ்பீக் இரக்கத்திற்குரிய பாவமாகவே ஒலிக்கிறது. நம் எழுத்தின் இயல்பால் வரும் இந்தச் சிக்கலை மென்பொருளின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

உண்மையான துன்பம் வேறிடத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த சுற்றறிக்கையைத் திறந்தபோது, “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்று கேட்டது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்தால் கோப்புக்குள் பதிவாவது அந்த ஆங்கில எழுத்துகள்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் ஒப்பனை மட்டுமே. மறுபடி கேட்டபோது அதே அறிக்கையை ஒளிவருடி, படமாக அனுப்பினார்கள். இம்முறை என்விடிஏ வாசிக்க ஒரு சொல்கூட இல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, வேர்டில் தலைப்புகளுக்குத் தடித்த எழுத்தைப் பயன்படுத்தாமல் தலைப்பு நடையை (Heading style) தேர்ந்திருந்தால், அந்த ஆறு பக்கத்தையும் நான் யாருடைய உதவியுமின்றிப் படித்திருப்பேன்.

வங்கிக் கணக்கிற்கான அடையாளச் சரிபார்ப்பிலும் இதே கதைதான். பெயரிடப்படாத களங்களில் ‘எழுதும் பெட்டி’ என்பதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. கேமராவின் முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கட்டத்தில் நான் அடுத்தவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய சரிபார்ப்பை மாற்றுத்திறனாளிகளும் செய்யக்கூடியதாக்க வேண்டும் என்றும், இணையச் சேவைகளை அணுகிப் பயன்படுத்தும் வாய்ப்பு அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துள்ளதை, இணையதளம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, பார்வையற்றவர்களுக்கு மட்டுமன்றி, இணையதளம் வடிவமைப்பவர்களுக்கும் இந்த மென்பொருளை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இதிலுள்ள திரைச்சீலை வசதியை இயக்கினால் திரை முழுவதும் கறுத்துவிடும். அந்த நிலையில் சுட்டியைத் தொடாமல், டேப் விசையையும் காதையும் மட்டும் நம்பி, நீங்கள் உருவாக்கிய விண்ணப்பத்தை ஒருமுறை நிரப்பிச் சமர்ப்பித்துப் பாருங்கள்.