வயர் அரே: ஆறு வருடம் கம்பி கோத்தவன் சொல்வது

போன வாரம் ஒரு ஸ்விட்சை மாற்றினோம். அதே வாரம் பழைய நண்பன் ஒருவன் போனில் பிடித்து, "எங்கள் மெஷினிலும் வயர் அரே போடலாமா, இல்லை கேஸ் பஃப்போடு நின்றுகொள்ளலாமா? போடுவதென்றால் உன்னிடம் மிச்சமிருக்கும் ரீலைத் தருவாயா?" என்று கேட்டான். இரண்டும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கின்றன. கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கு: வயர் அரே என்றால் வட்டமாக நட்டு வைத்த மெல்லிய உலோகக் கம்பிகள். கேஸ் பஃப் என்றால் கம்பிக்குப் பதில் நாஸிலால் ஊதும் வாயு. எதுவானாலும் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால் அது பிளாஸ்மாவாகி, அந்த மின்னோட்டத்தின் காந்தப் புலமே அதை உள்நோக்கி நசுக்கி எக்ஸ் கதிரை வரவைக்கும். இந்த நசுக்கலுக்குத்தான் பிஞ்ச் என்று பெயர்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மின்தேக்கிகளைச் சார்ஜ் செய்து ஒரே நேரத்தில் கொட்டும் மார்க்ஸ் ஜெனரேட்டர், அந்தப் பல்ஸைச் சுருக்கும் லைன்கள், கடைசியில் வெற்றிடச் சேம்பர். கால் மைக்ரோ நொடியில் சுமார் 1 மெகா ஆம்பியர். இந்த வகை மெஷினோடு பழகியவர்களுக்கு இது போதும். நான் சொல்ல வந்தது சேம்பரின் நடுவில் நிற்கும் சமாசாரத்தை: 16 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டமாக 32 அலுமினியக் கம்பிகள். ஒவ்வொன்றும் 15 மைக்ரான், உயரம் 2 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் 0.3 மில்லிகிராம்தான் வரும். அந்த 0.3 மில்லிகிராமைக் கோக்க எனக்கு அரை நாள் ஆகிறது.

ரீலில் நுனியைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. தலைமுடியில் கால்வாசிப் பருமன்கூட இல்லாத கம்பி. விளக்கைச் சாய்த்து வைத்து, பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால் ஒரு மினுக்கல் தெரியும். ட்வீசரை அருகில் கொண்டுபோனால் அதுவும் போய்விடும். நுனி சிக்கியதும் மேல் எலெக்ட்ரோடின் வெட்டில் உட்கார வைத்து, கீழ் எலெக்ட்ரோடின் வெட்டில் இறக்கி, இரண்டு முனையிலும் ஒரு கிராமுக்கும் குறைவான எடைக்குண்டைத் தொங்கவிட வேண்டும். குண்டு கனத்தால் கம்பி அறும். லேசாக இருந்தால் தொய்யும், எலெக்ட்ரோடைச் சரியாகத் தொடாது. பக்கத்துக் கம்பிக்கும் இதற்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர்தான். யாராவது கதவைத் திறந்தால் போதும், அந்தக் காற்றில் ஆடி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒரே தும்மலில் ஏழு கம்பி போயிற்று. அன்றிலிருந்து கோக்கும் நாளில் எங்கள் ஆட்கள் என் பக்கம் வருவதில்லை.

டங்ஸ்டன் இன்னொரு ரகம். 5 மைக்ரானில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அலுமினியத்தைவிடத் திடமாகக் குண்டைத் தாங்கும். எங்கே வைத்தோம் என்று விரலால் தடவிப் பார்த்து அறுத்த கதைகளும் உண்டு.

சரி, அந்த ஸ்விட்ச். 32 கம்பியும் கோத்தாயிற்று, மூடியாயிற்று, பம்ப் ஓடி வெற்றிடம் வந்தாயிற்று. சார்ஜ் முக்கால்வாசி ஏறும்போது 'டமார்'. மார்க்ஸில் ஒரு ஸ்பார்க் கேப் ஸ்விட்ச், அதாவது இரண்டு எலெக்ட்ரோடுக்கு நடுவில் பொறி பாய்ந்து மூடிக்கொள்ளும் ஸ்விட்ச், தன்னிஷ்டத்துக்குச் சுட்டுவிட்டது. கேமராவோ ஸ்கோப்போ தயாராக இல்லை. திறந்து பார்த்தால் கம்பி ஒன்றுகூட இல்லை, சேம்பர் சுவரெல்லாம் சாம்பல் பூச்சு, டிடெக்டருக்கு முன்னால் இருந்த ஃபில்டர் கிழிந்து தொங்குகிறது. கையில் கிடைத்த டேட்டா பூஜ்யம். ஸ்விட்சைக் கழற்றினால் எலெக்ட்ரோடில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், இன்சுலேட்டரில் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கீறல். விற்றவர்களைக் கேட்டால், இத்தனை ஷாட்டுக்கு இது சகஜம் என்றார்கள். சகஜம்தான். அந்த ஷாட்டுக்குக் கம்பி கோத்தது அவர்கள் இல்லையே.

நியாயமாகப் பார்த்தால் இதில் கம்பியின் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் இதே விபத்து கேஸ் பஃப்பில் நடந்திருந்தால் நாஸிலைத் துடைத்துவிட்டு சாயங்காலமே அடுத்த ஷாட் அடித்திருக்கலாம். 1905இல் ஆஸ்திரேலியாவில் மின்னல் தாக்கி நசுங்கிய ஒரு செம்புக் குழாயை ஆராய்ந்துதான் இந்தப் பிஞ்ச் விளைவை முதலில் விளக்கினார்கள். அந்த மின்னலுக்கு யாரும் கம்பி கோத்துக் கொடுக்கவில்லை என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஏன் கம்பி? வேறு வழிகளெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள். மெல்லிய தகட்டை உருளையாகச் சுற்றி நசுக்கினால், உள்ளே ஓடும்போதே ரேலே-டெய்லர் நிலையின்மை, அதாவது தள்ளப்படும் பரப்பில் சின்ன மேடுபள்ளம் பெருகிக்கொண்டே போவது, அதைக் கந்தலாக்கிவிடும். கேஸில் அடர்த்தி எங்கே எவ்வளவு என்று அறுதியிடுவது கஷ்டம். கம்பியில் எத்தனை மைக்ரோகிராம் எந்த ஆரத்தில் நிற்கிறது என்பது கோக்கும்போதே தெரிந்துவிடும். தொண்ணூறுகளில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் சாட்டர்ன் மெஷினில் கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டி இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். எக்ஸ் கதிரின் உச்சத் திறன் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு அதே ஆய்வகத்தின் இன்னும் பெரிய இசட் மெஷினில் 7.5 மைக்ரான் டங்ஸ்டன் கம்பி 240 கோத்து, சுமார் 20 மெகா ஆம்பியர் பாய்ச்சி, 200 டெராவாட் வரை போனார்கள். அப்புறம் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வைத்து அதையும் தாண்டினார்கள். ஆக, நல்ல எக்ஸ் கதிர் வேண்டுமென்றால் அதிகக் கம்பி வேண்டும். எரிச்சலும் பலனும் ஒரே நூலில் ஏறுகின்றன. 32க்கே நான் இப்படிப் புலம்புகிறேன், 240 கோத்த கைகளை என்ன சொல்ல!

இத்தனைக்கும் நடுவில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பாடம் படித்தபோது மனதில் இருந்த படம் இது: மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பிகள் உருகி, ஆவியாகி, ஒன்றோடொன்று கலந்து ஒரு பிளாஸ்மா உறையாகி, காந்தப் புலம் தள்ளத் தள்ள அச்சை நோக்கி ஓடும். நம்பலாம் போலத்தான் இருந்தது. 8 மில்லிமீட்டர் ஆரத்தில் 1 மெகா ஆம்பியர் என்றால் 25 டெஸ்லா, கிட்டத்தட்ட 2,500 வளிமண்டல அழுத்தம். அதற்கு முன்னால் 0.3 மில்லிகிராம் எம்மாத்திரம்?

கம்பி நகரவில்லை. முதல் நாலைந்து ஷாட்டில் டைமிங் தப்பு என்றே நினைத்தேன். பிறகு ஓர் எக்ஸ் பிஞ்சை, அதாவது குறுக்காகத் தொட்டு நிற்கும் இரண்டு மாலிப்டினம் கம்பிகளை, ரிட்டர்ன் கரண்ட் போகும் தூண் ஒன்றின் இடத்தில் வைத்து, அதன் குறுக்குப் புள்ளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரால் அரேயைப் படம் பிடித்தோம். அந்தப் புள்ளி சில மைக்ரான் அகலம்தான், ஒளிர்வதும் ஒரு நானோ நொடிக்கும் குறைவு. ஃபிலிமைக் கழுவி விளக்கில் பிடித்தபோது நான் கோத்த கம்பிகள் கோத்த இடத்திலேயே நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் குளிர்ந்த, அடர்ந்த ஒரு கரு. வெளிப்புறம் மட்டும் பிளாஸ்மாவாகக் கரைந்து உள்ளே வழிகிறது. லேசரால் எடுத்த படத்தில் அது சீராக வழியாமல், மீனின் நடுமுள்ளிலிருந்து கிளைக்கும் சிறு முட்கள் மாதிரி, அலுமினியத்தில் அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தது. வழிந்ததெல்லாம் அச்சில் சேர்ந்து, அரே நசுங்குவதற்கு வெகு முன்பே மெல்லிய ஒரு தூணாக நின்று மின்னியது. மொத்த நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் கம்பிகள் அசையாமல் நின்று, அங்கங்கே அற்ற பிறகுதான் மிச்சம் ஓடி வருகிறது. அப்போதும் கொஞ்சம் பின்தங்கிவிடும். எனக்கே இல்லாத பொறுமை அந்த 15 மைக்ரானுக்கு இருக்கிறது. அந்த ஃபிலிமின் பிரதி இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.

மற்ற குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: ஒவ்வொரு ஷாட்டுக்கும் எலெக்ட்ரோடு பாழ், சேம்பரை ஆல்கஹால் விட்டுத் துடைக்க வேண்டும், டயோடு ஃபில்டர் மாற்ற வேண்டும். அதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? போடாதே என்றேன். ஆர்கானை விட்டு ஊதிக்கொள், 3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் உனக்கு வேண்டிய எக்ஸ் கதிர்க் கோடுகள் வரும், மதியச் சாப்பாட்டுக்கு நேரத்துக்குப் போகலாம். படம் பிடிக்க மட்டும் எக்ஸ் கதிர் வேண்டுமென்றால் ஓர் எக்ஸ் பிஞ்ச் போதும், இரண்டு கம்பி யாரும் கோக்கலாம். முழு அரே உனக்கு வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படியா என்றான். ஸ்விட்ச் மாற்றிய வாரத்தில் கேட்டால் இப்படித்தான் பதில் வரும் என்றேன்.

"அப்படியென்றால் அந்த ரீல் உனக்கு எதற்கு, கொடுத்துவிடேன்" என்றான். வியாழக்கிழமை ஷாட் இருக்கிறது, தர முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.